தாயின் மார்புச் சூட்டுக்குக் கூலி கொடுப்பது யார்?

எடை குறைவாகப் பிறந்த குழந்தையைக் காப்பாற்ற எளிய வழி ஒன்று உண்டு. குல்லாவும் இடுப்புத் துணியும் மட்டும் போட்டு, குழந்தையைத் தாயின் வெற்று மார்பில் நிமிர்த்திப் படுக்கவைத்து, மேலே ஒரு துணியால் சேர்த்துக் கட்டிவிட வேண்டும். தாயின் உடற்சூடு குழந்தைக்குச் சூடாகும். தாய்ப்பாலும் பக்கத்திலேயே இருக்கும். 'கங்காரு தாய் பராமரிப்பு' என்று இதற்குப் பெயர். 'செலவே இல்லாத சிகிச்சை' என்று இதைப் புகழ்கிறார்கள். சிகிச்சை மீது நமக்கு ஒரு புகாரும் இல்லை. 'செலவே இல்லாத' என்ற அந்தச் சொல்லைத்தான் கூண்டில் ஏற்ற வேண்டியிருக்கிறது.

இது பற்றாக்குறையில் பிறந்த முறை. 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகர ஏழைகள் மருத்துவமனையில் இன்குபேட்டர்கள் போதவில்லை. ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகளைப் படுக்கவைத்ததில் கிருமித்தொற்று பரவியது. எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர், தாயின் மார்பையே இன்குபேட்டர் ஆக்கினார். 'ஏழைகளின் இன்குபேட்டர்' என்று இளக்காரமாகப் பார்க்கப்பட்ட அந்த முறையை உலகம் பிறகு ஏற்றுக்கொண்டது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2021இல் வெளியானது. பிறந்தவுடனே தாயின் மார்பில் வைத்துப் பராமரித்த குழந்தைகளில் 28 நாளைக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 12. வழக்கமான முறையில் உடல்நிலை சீரான பிறகே மார்பில் வைக்கப்பட்ட குழந்தைகளில் 15.7. இரண்டாவது முறையைவிட முதல் முறையில் சாவு கால் பங்கு குறைந்தது. ஆக, இது ஏழைக்குக் கொடுக்கும் மட்டரகமான மாற்று அல்ல, பணக்காரக் குழந்தைக்கும் இதுதான் நல்லது.

ஆனால் அந்த வெற்றிக்கு ஒரு நிபந்தனை இருந்தது. குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாய்க்கும் கட்டில் போட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல் ஒரு நாளில் 8 முதல் 24 மணி நேரம் வரை குழந்தை மார்பில் இருக்க வேண்டும் என்கிறது. வீட்டுக்குப் போன பிறகும் இது தொடர வேண்டும். அப்படியானால் அந்தத் தாய் வேலைக்குப் போக முடியாது. சமைக்க, தண்ணீர் பிடிக்க, மூத்த குழந்தையைப் பார்க்க வேறொரு ஆள் வேண்டும். அவளுக்கு மூன்று வேளையும் சோறு வேண்டும். இத்தனையும் செலவு இல்லையா? அரசுக் கணக்கிலும் மருத்துவமனைக் கணக்கிலும் அது வரவில்லை, அவ்வளவுதான். அந்தச் செலவு முழுவதும் அவள் தலையில் விழுகிறது.

அவள் யார்? மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அடையாற்றிலும் அடுக்குமாடி வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவள். துணிக்கடையில் பத்து மணி நேரம் நிற்பவள். தெருவைக் கூட்டும் ஒப்பந்தத் தொழிலாளி. தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு 2021 முதல் 12 மாத மகப்பேறு விடுப்பு, முழு ஊதியத்துடன். அதை வரவேற்கிறோம். வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கோ பிரசவம் என்றால் வேலை போச்சு என்று பொருள். அவளுக்கு இருப்பது முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவி. ஊட்டச்சத்துப் பெட்டகத்தின் மதிப்பையும் சேர்த்து 18,000 ரூபாய். 12 மாதத்துக்குப் பங்கிட்டால் மாதம் 1,500. அடையாறு அவ்வை இல்லத்தை நிறுவிய மருத்துவரின் பெயரில் வரும் இந்தத் தொகை, அதே அடையாற்றில் ஒரு மாத வீட்டு வாடகைக்குக்கூடக் காணாது. இரண்டு கிலோவுக்கும் குறைந்த தன் பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு, மூன்று கிலோவில் பிறந்த முதலாளியம்மா பேரப்பிள்ளையின் துணியைத் துவைக்கப் போகும் பெண்ணிடம் போய், "மார்போடு அணைத்து வைத்திரும்மா" என்று சொல்வது அறிவுரை ஆகுமா? கேலி அல்லவா!

தொடுதலைப் பற்றிப் பேசினால் சாதியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. பச்சிளம் குழந்தைக்கு மருந்தே தொடுதல் என்கிறது அறிவியல். இந்தச் சமூகமோ தொடுதலைத் தீட்டாக்கி வைத்தது. பிரசவம் தீட்டு. பிள்ளை பெற்றவள் தீட்டு. பிரசவம் பார்த்து, கொடி அறுத்து, குழந்தையை முதன்முதலில் கையில் ஏந்திய நாவிதர் சமூகத்து மருத்துவச்சியும் தீட்டு. உயிரைக் கொண்டுவந்தவளைப் புழக்கடை வழியே அனுப்பிய மரபு இது. இன்றும் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துத் தண்ணீர் ஊற்ற வரும் அம்மாவின் கை வேண்டும், கால் நீட்டி உட்கார்ந்து பிள்ளையைக் கிடத்திக் குளிப்பாட்டும் அவள் மடியும் வேண்டும். காபி கொடுக்க மட்டும் தனி டம்ளர்!

நம் மருத்துவமனைகளின் பிறப்பிலும் இது இருக்கிறது. திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி அரசு மருத்துவமனையை மக்கள் இன்னும் கோஷா ஆஸ்பத்திரி என்கிறார்கள். மேரி ஷார்லீப் முயற்சியால் 1885இல் அது தொடங்கியபோது 'சாதி மற்றும் கோஷா பெண்களுக்கான' மருத்துவமனை என்றே பெயர் வைத்தார்கள். சாதி இந்துப் பெண்களுக்கும் திரைமறைவில் வாழ்ந்த பெண்களுக்கும் என்று பொருள். பெயரிலிருந்து சாதி போனது. எல்லாச் சாதி ஏழைகளும் பிள்ளை பெறும் இடமாக அது மாறியது. வீட்டுப் பிரசவம் அநேகமாக இல்லாமல் போன மாநிலம் தமிழ்நாடு. சமூகநீதி இயக்கங்களின் பங்கு அதில் பெரிது, அதை நாம் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை.

பெயரிலிருந்து போன சாதி, நகர வரைபடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. 2000 வாக்கில் கண்ணகி நகர், சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பின் பெரும்பாக்கம் என்று பூர்வகுடி மக்களை நகரத்துக்கு வெளியே கொட்டினார்கள். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் நீதிமன்ற உத்தரவைக் காட்டி வீடுகளை இடித்தபோது, 60 வயது முதியவர் ஒருவர் தீக்குளித்து உயிர்விட்டார். கோவிந்தசாமி நகரிலிருந்து கோஷா ஆஸ்பத்திரி ஐந்தாறு கிலோமீட்டர். பெரும்பாக்கத்திலிருந்து இருபதுக்கும் மேல். மூச்சுத் திணறும் குழந்தைக்கு அந்தத் தூரம் என்ன செய்யும் என்று இடிக்க உத்தரவு போட்ட யாராவது கணக்குப் பார்த்தார்களா? உயர்சிறப்புத் தனியார் மருத்துவமனைகள் நகரத்துக்குள், அவற்றின் தரையைத் துடைப்பவர்களின் பிள்ளைகள் நகரத்துக்கு வெளியே. இதற்கு 'வளப் பற்றாக்குறை' என்று பெயர் வைப்பது பொய். வளம் இங்கேதான் இருக்கிறது. மக்களைத்தான் அதிலிருந்து அப்புறப்படுத்தியிருக்கிறார்கள்.

2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் சூழ்ந்த புளியந்தோப்பில் உதவி கிடைக்காமல் வீட்டிலேயே ஒரு பெண்ணுக்குப் பிரசவம் ஆனது. குழந்தை இறந்தே பிறந்தது. கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் அந்தச் சிசுவின் உடலை ஓர் அட்டைப்பெட்டியில் வைத்துத் தந்தையிடம் கொடுத்தார்கள். ஊர் கொதித்தது. பணியிடை நீக்கம் செய்யப்பட்டவர் பிணவறை உதவியாளர். கடைசியில் மாட்டியது அடிமட்ட ஊழியர்தான்.

எளிய முறைகளை நாம் எதிர்க்கவில்லை. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் தம்பதியர் 39 கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். மூச்சை எண்ணவும், கதகதப்பாக வைக்கவும், கிருமித்தொற்றுக்கு ஊசி போடவும் அந்தப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். மூன்றாவது ஆண்டில், ஒப்பீட்டுக்கு எடுத்த கிராமங்களோடு பார்க்கையில், பச்சிளம் குழந்தை இறப்பு 62 விழுக்காடு குறைந்தது. 1999இல் 'லான்செட்' இதழ் அதை வெளியிட்டது. படிக்காதவள் என்று ஒதுக்கப்பட்டவளால் உயிர் காக்க முடியும் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? அரசு அதை 2011இல் நாடு தழுவிய திட்டமாக்கியது. 42 நாளைக்குள் ஆறேழு முறை வீடு தேடிப்போகும் ஆஷா பணியாளருக்கு ஒரு குழந்தைக்கு 250 ரூபாய் என்று நிர்ணயித்தது. முறையை எடுத்துக்கொண்டார்கள். உழைத்தவளுக்குக் கூலி கொடுக்க மட்டும் மனம் வரவில்லை.

எனவே நம் கோரிக்கை கருணை அல்ல, கூலி. அமைப்புசாராப் பெண் தொழிலாளர்களுக்கு ஆறு மாதமாவது குறைந்தபட்ச ஊதியத்துக்கு ஈடான மகப்பேறு ஊதியம் வேண்டும். ஒவ்வொரு அரசு மகப்பேறு மருத்துவமனையிலும் குழந்தைக்கு அருகிலேயே தாய்க்குக் கட்டிலும் உணவும் வேண்டும். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் மக்களுக்கு எட்டும் தூரத்தில் இரவு பகலாக இயங்கும் பச்சிளம் குழந்தைப் பிரிவு வேண்டும். கர்ப்பிணியும் கைக்குழந்தையும் இருக்கும் வீட்டை இடிக்கும் கை நிற்க வேண்டும்.

தாய்ப்பாசத்தைப் போற்றிச் சுவரொட்டி ஒட்டியது போதும். அந்தத் தாய்க்குச் சம்பளம் கொடு.