காசு வேணாம், காப்பி கொடு மச்சி!

ஏற்காடு. இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டி ரூம்மேட் வீட்டுக்குப் போனோம். அவன் சித்தப்பாகிட்ட ஒரு பெட்டி நிறைய கேசட். எல்லாம் 'கிரேட்ஃபுல் டெட்' ராக் குழுவின் லைவ் கச்சேரிகள். அமெரிக்கா போன கிளாஸ்மேட் அனுப்பினதாம். யார் கேட்டாலும் காப்பி தரமாட்டார். 'டேப் தேஞ்சுடும்டா!'

இத்தனைக்கும் அந்த பேண்டோட குணமே வேற பாஸ்! ரசிகர்கள் மைக்கோட வந்து பதிவு பண்ணினா தடுக்கமாட்டாங்க. 1984-ல் அவங்களுக்குன்னு அரங்கத்தில் தனி இடமே ஒதுக்கினாங்க. ஒரே கண்டிஷன்: மாத்திக்கலாம், விற்கக் கூடாது. வெற்று கேசட்டும் தபால் செலவும் அனுப்பினா, முன்னே பின்னே தெரியாதவங்களுக்கும் காப்பி வரும். (காப்பிக்குக் காப்பி எடுக்க எடுக்க இரைச்சல் ஏறும். அது வேற கதை!) 1977 மே 8 கார்னெல் பல்கலைக்கழகக் கச்சேரி இப்படிக் கைமாறியே புகழ் பெற்றது. அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் 2011-ம் ஆண்டுப் பாதுகாப்புப் பட்டியலிலும் ஏறிடுச்சு. முறையான ஆல்பமா வந்தது 2017-ல்தான்.

சித்தப்பா பெட்டியைத் திறந்தார். மலை ஈரத்துல டேப் முழுக்க வெள்ளைப் பூசணம்.

'கவலைப்படாதீங்க சித்தப்பா, கார்னெல் கச்சேரி நெட்லயே கிடைக்குது'ன்னோம்.

'அது கிடைக்கும்டா. பின்பக்கத்துல எங்க காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல நாங்க வாசிச்சது இருந்துச்சே...'