தோட்டத்திலிருந்து தப்பிய பூச்சி!

தீப்பெட்டிக்குள் பொன்வண்டு வளர்த்த நினைவு நம்மில் பலருக்கு இருக்கும்.

வேல இலையைக் கிள்ளிப் போடுவோம். முட்டை இட்டிருக்கிறதா என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் திறந்து பார்ப்போம். வாத்தியார் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். சட்டைப் பைக்குள் வண்டு 'கிர், கிர்' என்று சுரண்டும். மாட்டிக்கொண்டால் பிரம்படி!

வளர்ந்ததும் அந்த ஆசை நம்மை விட்டுப் போய்விடுகிறது. ஆனால் தலை நரைத்த பிறகும் அந்த ஆசையை விடாத மனிதர்கள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வேறு பல நாடுகளிலும் இருக்கிறார்கள். அவர்கள் வளர்ப்பது பொன்வண்டு அல்ல, ராட்சதப் பட்டுப்பூச்சி!

அவர்களிடமிருந்து நாம் கற்க வேண்டிய நல்ல பாடம் ஒன்று உண்டு. அவர்களில் ஒருவர் செய்த தவறிலிருந்து கற்க வேண்டிய கசப்பான பாடமும் ஒன்று உண்டு. இரண்டையும் சொல்லுகிறோம்.

வாயில்லாத பூச்சி

காஞ்சிபுரம் சேலைக்கு நூல் தரும் பட்டுப்பூச்சியை எல்லோருக்கும் தெரியும். அது வெள்ளையாக, சிறியதாக இருக்கும். மனிதன் வளர்த்து வளர்த்து அதற்குப் பறக்கவே மறந்துவிட்டது.

காட்டில் வாழும் ராட்சதப் பட்டுப்பூச்சிகள் வேறு வகை. ஆசியாவில் உள்ள அட்லஸ் பூச்சி சிறகை விரித்தால் ஒரு சாண் அகலம் இருக்கும். சிறகின் நுனி பாம்பின் தலைபோல் தோன்றும். வட அமெரிக்காவின் பெரிய பூச்சி செக்ரோப்பியா. அது ஐந்து முதல் ஏழு அங்குல அகலம். லூனா என்று ஒன்று இருக்கிறது. அது வெளிர் பச்சை நிறம். அதன் பின்சிறகில் நீண்ட வால் தொங்கும். அந்த வால் சும்மா அழகுக்கு அல்ல. பறக்கும்போது வால் சுழலுவதால் வௌவால் ஏமாந்து, உடலை விட்டுவிட்டு வாலைக் கடிக்கிறது! 2015ஆம் ஆண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் இதைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள்.

இன்னொரு விந்தை கேளுங்கள். சிறகு முளைத்த இந்தப் பூச்சிக்கு உண்ண வாய் கிடையாது. புழுவாக இருந்தபோது தின்று சேர்த்ததுதான் அதன் முழு ஆஸ்தி. அதை வைத்துக்கொண்டு ஒரு வாரம், பத்து நாள் வாழும். ஜோடி சேரும், முட்டை இடும், மடியும்.

இந்தப் பத்து நாள் அழகைக் காணத்தான் வளர்ப்பவர்கள் பல மாதம் காத்திருக்கிறார்கள்.

பொறுமைக்கு ஒரு பள்ளிக்கூடம்

முட்டையிலிருந்து வரும் புழு, நூல் கனம்தான் இருக்கும். அதற்குப் பிடித்த இலையைத் தினமும் புதிதாகத் தரவேண்டும். வாடிய இலை ஆகாது. கிளையைத் தண்ணீர்ப் புட்டியில் செருகி வைப்பார்கள். புட்டியின் வாயைக் காகிதத்தால் அடைப்பார்கள். இல்லாவிட்டால் புழு உள்ளே விழுந்து மூழ்கிவிடும்.

புழு நான்கு முறை தோல் உரிக்கும். அந்தச் சமயத்தில் தின்னாமல், அசையாமல் கிடக்கும். "செத்துவிட்டதோ!" என்று பதறி இழுத்தால் உண்மையிலேயே செத்துவிடும். தொடாமல் இருப்பதும் ஒரு வேலை என்று அப்போதுதான் தெரியும்!

புழு பெரிதானதும் மரக்கிளையிலேயே விட்டு, மெல்லிய துணிப்பையால் கிளையை மூடி இரு முனையையும் கட்டிவிடுவார்கள். குருவியும் குளவியும் அண்டாது. பிறகு புழு கூடு கட்டும். குளிர் நாடுகளில் அந்தக் கூடு குளிர்காலம் முழுவதும் அப்படியே தூங்கும். வசந்தத்தில்தான் பூச்சி வெளிவரும்.

இப்படிப்பட்ட ஆர்வலர்களுக்காக இங்கிலாந்தில் 1935ஆம் ஆண்டு ஒரு சங்கம் ஏற்பட்டது. பெயர், அமெச்சூர் என்டமாலஜிஸ்ட்ஸ் சொசைட்டி. பூச்சி ஆராய்ச்சியைத் தொழிலாகக் கொள்ளாமல், விருப்பத்தால் செய்பவர்களின் சங்கம் அது. பட்டுப்பூச்சி வளர்ப்பவர்களுக்கென்றே 1956இல் அது ஒரு கைப்புத்தகம் வெளியிட்டது. எந்தப் புழுவுக்கு எந்த இலை, எத்தனை நாளில் தோல் உரிக்கும் என்ற அறிவெல்லாம் இப்படித்தான் சேர்ந்தது. ஒருவர் நோட்டில் எழுதியதை இன்னொருவர் படித்தார். அவர் கண்டதை மூன்றாமவருக்குச் சொன்னார்.

இரவு வந்த விருந்தாளிகள்

பிரான்ஸ் நாட்டில் ழான் ஹென்றி ஃபேபர் என்றொருவர் இருந்தார். ஏழை வாத்தியார், பூச்சிகளைப் பற்றி எழுதி உலகப் புகழ் பெற்றவர். ஒரு மே மாதம் 6ஆம் தேதி காலையில், அவர் வீட்டில் இருந்த கூடு ஒன்றிலிருந்து பெண் பூச்சி வெளிவந்தது. 'பெரிய மயில்' என்ற ராட்சத இனம் அது. அதைக் கம்பிவலைக் கூண்டால் மூடிவைத்தார்.

இரவு சுமார் ஒன்பது மணி. அவருடைய சின்ன மகன் அறைக்குள் குதித்துக் கூத்தாடி, அப்பாவைக் கூப்பிட்டான். ஓடிப் பார்த்தால் வீடு முழுவதும் பறவைபோலப் பெரிய பூச்சிகள்! சுமார் நாற்பது ஆண் பூச்சிகள் இருட்டில் தட்டுத் தடுமாறி வந்திருந்தன. எட்டு இரவுகளில் நூற்றைம்பது வந்தன. அந்த வட்டாரத்தில் அந்தப் பூச்சி அபூர்வம். அப்படியானால் எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்க வேண்டும்! எதை அறிந்து வந்தன?

ஃபேபர் பல ஆண்டுகள் சோதித்தார். பெண் பூச்சியின் மணம்தான் ஆணை அழைக்கிறது என்று இன்று நமக்குத் தெரியும். 1959ஆம் ஆண்டு ஜெர்மன் விஞ்ஞானி பூட்டெனாண்ட், சாதாரணப் பட்டுப்பூச்சியிலிருந்து அப்படிப்பட்ட மணப்பொருளைப் பிரித்தெடுத்தார். அதற்கு அவருக்கு ஐந்து லட்சம் பூச்சிகள் தேவைப்பட்டன!

"இதனால் யாருக்கு என்ன பயன்?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கும் பதில் இருக்கிறது. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கரோல் வில்லியம்ஸ் என்ற விஞ்ஞானி, செக்ரோப்பியாவின் கூட்டுப்புழுக்களை ஆராய்ந்தார். பெரிய உடல் என்பதால் கத்தி வைத்து ஆராய வசதி. 1956இல் அந்தப் பூச்சியின் வயிற்றிலிருந்து ஒரு சத்தை எடுத்தார். அதைத் தடவினால் கூட்டுப்புழு சரியான பூச்சியாக மாறாது. குழந்தைப் பருவத்திலேயே நின்றுவிடும். அந்த வழியில் போனவர்கள் பிற்பாடு அதைப்போன்ற மருந்துகளைச் செய்தார்கள். கொசுப்புழு கொசுவாக மாறாமல் தடுக்கும் மெத்தோபிரீன் அப்படி வந்ததுதான்.

வெட்டி வேலை என்று யாரும் சொல்ல வேண்டாம்!

நெட் போட்ட தோட்டம்

இனிமேல்தான் கசப்பான கதை.

எத்தியேன் லியோபோல்ட் ட்ருவெலோ என்பவர் பிரான்ஸ் நாட்டிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபோனவர். தொழில், சித்திரம் வரைவது. குடியிருந்தது மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மெட்ஃபோர்டு என்ற ஊரில்.

அமெரிக்கக் காட்டுப் பட்டுப்பூச்சியான பாலிபீமஸை வளர்த்து, பட்டு எடுக்கலாம் என்று அவர் நினைத்தார். முதலில் கிடைத்தது இரண்டே புழுக்கள். விடாமல் வளர்த்தார். 1865ஆம் ஆண்டு வீட்டுக்குப் பின்னால் ஐந்து ஏக்கர் நிலத்தில் வலை போட்டு மூடி, பத்து லட்சம் புழுக்களை வளர்த்தார்! ஒரு புழு 56 நாளில், தான் பிறந்தபோது இருந்த எடையைப்போல 86,000 மடங்கு தீனி தின்கிறது என்று நிறுத்துக் கணக்கிட்டவரும் அவரே. எத்தனை பொறுமை வேண்டும், நினைத்துப் பாருங்கள்.

அத்தோடு நின்றிருந்தால் பெயரும் புகழுமாகப் போயிருப்பார். 1860களின் இறுதியில் ஐரோப்பாவிலிருந்து வேறொரு பூச்சியின் முட்டைகளைக் கொண்டுவந்தார். அதற்கு அப்போது ஜிப்சிப் பூச்சி என்று பெயர். ஒரு மக்களை இழிவாகச் சுட்டும் பெயர் என்பதால் 2022இல் அமெரிக்கப் பூச்சி விஞ்ஞானிகள் அதை மாற்றி, கடற்பஞ்சுப் பூச்சி என்று வைத்தார்கள்.

அந்தப் பூச்சிகளில் சில தப்பிவிட்டன.

அப்போது யாரும் பெரிதாக நினைக்கவில்லை. இருபது ஆண்டு கழிந்தது. 1889ஆம் ஆண்டு கோடையில் மெட்ஃபோர்டு மக்கள் கதவைத் திறந்தால் புழு, சுவரில் புழு, நடைபாதையில் புழு. மரங்கள் இலை இல்லாமல் மொட்டையாக நின்றன. பெண்கள் துடைப்பத்தால் வாரி வாரித் தீயில் கொட்டினார்கள். அடுத்த ஆண்டிலிருந்து அரசாங்கம் போர் தொடுத்தது. 1950களில் விமானத்திலிருந்து டி.டி.டி. மருந்துகூடத் தூவிப் பார்த்தார்கள். பூச்சி ஒழியவில்லை. இன்றும் அமெரிக்கக் காடுகளைத் தின்றுகொண்டிருக்கிறது.

ட்ருவெலோ பிறகு வானத்தைப் பார்த்து அழகழகான கிரகப் படங்கள் வரைந்தார். நிலவில் உள்ள ஒரு பள்ளத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். ஆனால் பூமியில் அவர் விட்டுச்சென்ற அடையாளம் வேறு!

தண்டனை யாருக்கு?

கதை இன்னும் முடியவில்லை.

அந்தப் பூச்சியை ஒழிக்க, 1906ஆம் ஆண்டு ஐரோப்பாவிலிருந்து ஓர் ஈயைக் கொண்டுவந்து விட்டார்கள். அது புழுவின் உடலைக் குத்தி, உள்ளே தன் குஞ்சை வைக்கும். குஞ்சு உள்ளிருந்தே புழுவைத் தின்று தீர்க்கும். நல்ல யோசனை என்றே எல்லோரும் நினைத்தார்கள். 1986 வரையிலும் பல தடவை, பல பூச்சிகளுக்கு எதிராக, இந்த ஈயை விட்டார்கள்.

ஒன்றை மறந்துவிட்டார்கள். கடற்பஞ்சுப் பூச்சியின் புழு ஆண்டுக்கு ஒரு பருவம்தான் கிடைக்கும். ஈயோ ஆண்டுக்கு மூன்று, நான்கு தலைமுறை பெருகும். மற்ற மாதங்களில் அது எதைத் தேடும்? கிடைத்த புழுவை எல்லாம் தேடும். கொழுத்த செக்ரோப்பியா புழு அதற்குப் பெரிய விருந்து!

"விளக்கடிக்கு வந்த பெரிய பூச்சிகளை இப்போது காணோமே" என்று அந்தப் பகுதி ஆர்வலர்கள் பல ஆண்டுகளாகவே சொல்லிவந்தார்கள். கடைசியில் மாசசூசெட்ஸ் விஞ்ஞானிகள் ஒரு சோதனை செய்தார்கள். ஆர்வலர்கள் செய்வதுபோலவே புழுக்களை வளர்த்தார்கள். ஆனால் துணிப்பை கட்டாமல் 500 செக்ரோப்பியா புழுக்களை மரங்களில் விட்டார்கள். கூட்டுப்புழுவாகும் வரை ஒன்றுகூடப் பிழைக்கவில்லை! செத்தவற்றில் மிகப் பல அந்த ஈக்கு இரையானவை. 2000ஆம் ஆண்டு இந்த முடிவு வெளிவந்தது.

யோசித்துப் பாருங்கள். ராட்சதப் பட்டுப்பூச்சியைக் கண்ணைப்போல் காத்தவர் ட்ருவெலோ. அவர் தோட்டத்திலிருந்து தப்பிய பூச்சிக்காக வந்த ஈ, அவர் நேசித்த அந்தக் குலத்தையே அழிக்கிறது. பாவம் ஒரு பக்கம், பழி ஒரு பக்கம்!

கவனமும் வேண்டும்

இதைக் கேட்டு, "பூச்சி வளர்ப்பதே கூடாது, தடை போடுங்கள்" என்று சிலர் சொல்லலாம். அது சரியல்ல என்பது நம் கருத்து.

பூச்சி குறைந்துவிட்டது என்று முதலில் கண்டு சொன்னவர்கள் யார்? அதை வளர்த்துப் பழகியவர்கள்தான். தெரியாத பொருள் தொலைந்தால் யாருக்கும் தெரியாது. வீட்டுப் பசுவின் முகவாட்டம், அதற்குத் தண்ணீர் காட்டுகிறவருக்குத்தான் தெரியும்.

ஆகவே ஆசையை விலக்க வேண்டாம். ஆசைக்கு வேலி போடவேண்டும். சொந்த ஊரில் உள்ளதை வளர்க்க வேண்டும். வெளிநாட்டு உயிரை அனுமதி இல்லாமல் கொண்டுவரக் கூடாது. அமெரிக்காவில் இன்று இப்படிப்பட்ட பூச்சிகளை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு உயிரோடு கொண்டுபோகவும் மத்திய விவசாய இலாகாவின் அனுமதி தேவை. பட்ட பிறகு வந்த புத்தி!

நல்ல வளர்ப்பாளர்கள் இதைச் சுமையாக நினைப்பதில்லை. பெட்டியை மூடுவதும் நோட்டில் எழுதுவதும் அவர்களுக்கு இலை பறிப்பதைப்போல அன்றாடக் கடமை.

உங்கள் வீட்டுப் பிள்ளை

நம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்திலும் அட்லஸ் இனப் பூச்சியும், லூனாவின் உறவான நிலாப் பூச்சியும் உண்டு. மலையோர ஊர்களில் மழைக்கால இரவில், திண்ணை விளக்கைத் தேடி அவை வருவதுண்டு. "பேய்ப் பூச்சி!" என்று துடைப்பத்தை எடுக்காதீர்கள். அதற்குக் கடிக்க வாயே இல்லை. வாழப்போவதும் சில நாள்தான். விளக்கை அணைத்துவிட்டால் தன் வழியே போய்விடும்.

உங்கள் மகனோ மகளோ கொல்லைச் செடியிலிருந்து ஒரு புழுவை இலையோடு கொண்டுவந்தால், "சீ, தூக்கி எறி!" என்று அதட்டாதீர்கள். ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். என்ன இலை தின்றது, எந்தத் தேதியில் தோல் உரித்தது என்று எழுதச் சொல்லுங்கள். எழுதப் பழகுகிற அம்மாவும் கூடச் சேர்ந்து எழுதலாம்!

பூச்சி வந்ததும், புழுவை எடுத்த அதே செடியில் கொண்டுபோய் விடச் சொல்லுங்கள்.

அதுவரையில் பெட்டி மூடியிருக்கிறதா என்று, படுக்கப் போகுமுன் நீங்களும் ஒரு தரம் பாருங்கள்.