படம் வருகிறது, பெயர் வருவதில்லை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி இன்டர்நெட் இணைப்பும் பெற்ற வீட்டில், பிள்ளைகள் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளும் வேலை ஒன்று உண்டு. பிடித்த படத்தின் மேல் மவுஸின் வலது பட்டனை அழுத்தி சேவ் செய்வது. பத்து நொடி கூட ஆகாது. படம் நம் போல்டருக்கு வந்துவிடும். வரைந்தவரின் பெயர் வராது. இதெல்லாம் ஒரு பிரச்னையா என்று கேட்பவர்கள் போகிமான் ஓவியர்களின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1996ல் ஜப்பானில் வீடியோ கேமாகத் தொடங்கிய போகிமான், அதே ஆண்டில் விளையாட்டு கார்டுகளாகவும் வந்தது. அன்று 151 உயிரினங்கள். இன்று ஆயிரத்துக்கும் மேல். கார்டின் அடியில் சிறிய எழுத்தில் ஓவியரின் பெயரை அச்சிடுவது இவர்கள் வழக்கம். எனக்கு இது மிகவும் பிடிக்கும். (நாங்கள் எழுதும் சாப்ட்வேரில் எங்கள் பெயரை எங்கே போய்த் தேடுவீர்கள்?)

இந்த கார்டுகளை மொபைல் போனில் சேகரிக்கும் கேம் 2024 அக்டோபரில் வெளியானது. 2025 ஜூலை இறுதியில் அதில் வந்த ஹோ-ஓ என்ற பறவையின் படம், ரசிகர் ஒருவர் முன்பே வரைந்து வெளியிட்ட படத்தைப் போலவே இருந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பலரும் கேள்வி கேட்டனர். விசாரித்த நிறுவனம், கார்டு தயாரிப்புக் குழுவே தவறான படத்தை அதிகாரபூர்வ மாதிரி என்று ஓவியரிடம் கொடுத்துவிட்டதாக அறிவித்தது. மன்னிப்புக் கேட்டு, இரண்டு கார்டுகளின் படங்களையும் நீக்கியது.

நஷ்டம் ரசிகருக்கு என்று உடனே சொல்லிவிடலாம். ஆனால் நிறுவனத்துக்காக வரைந்தவரையும் நினைத்துப் பாருங்கள். கொடுத்த மாதிரியை நம்பி வரைந்தார். கார்டுக்கு உரியவர் என்று உலகம் அறிவது அவரைத்தான். தவறான பைலைக் கொடுத்தவர் பெயர் எந்த கார்டிலும் இல்லை.

எங்கள் வேலையில், புரோகிராமின் எந்த வரியை யார், எந்தத் தேதியில் எழுதினார் என்பது தானாகவே பதிவாகிக் கொண்டிருக்கும். வெளியிலிருந்து எடுத்த பகுதி என்றால் எங்கிருந்து, எந்த அனுமதியில் என்றும் குறித்து வைக்க வேண்டும். மாதிரிப் படத்துடன் அப்படி ஒரு குறிப்பு ஒட்டிக்கொண்டே போயிருந்தால், அது அந்த ஓவியரின் மேசைக்கே வந்திருக்காது என்பது என் கருத்து.

விதிகளைப் பார்த்தால் ரசிகர் பக்கம் பலம் குறைவுதான். ரசிகர் ஓவியத்தை வெளியிட்டாலே, கட்டணமின்றி அதைப் பயன்படுத்தும் உரிமை தங்களுக்குக் கிடைக்கும் என்று போகிமான் இணையதளத்தின் சட்டப் பக்கம் சொல்கிறது. இருந்தும் கார்டை மாற்றினார்களே, அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

ரசிகர், அதிகாரபூர்வ ஓவியர் என்ற பிரிவும் நிலையானதல்ல. போகிமான்களை நிஜ விலங்குகள் போல வரைந்து டீவியன்ட்ஆர்ட் தளத்தில் வெளியிட்டு வந்த ஆர்.ஜே. பால்மர், 2019ல் வந்த டிடெக்டிவ் பிகாச்சு படத்தில் வடிவமைப்பு ஓவியராகப் பணியாற்றினார். கார்டு வரையும் போட்டியும் நடத்துகிறார்கள். 2024 போட்டியில் தேர்வான 300 படங்களில் சில ஏஐ உருவாக்கியவை என்று சந்தேகம் எழுந்தது. விதி மீறியவர்களை நீக்கியதாக நிறுவனம் அறிவித்தது. இதில் எனக்கு வருத்தம், கையால் வரைந்தவரும் இனி 'நான்தான் வரைந்தேன்' என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறதே என்பதுதான்.

எட்டாவது படிக்கும் என் அக்கா மகன் பிகாச்சு வரைந்துவிட்டு, "மாமா, நெட்ல போடலாமா?" என்றான். தாராளமாகப் போடு என்றேன். ஆனால் கிரிட்டா என்ற இலவச புரோகிராமில் வரைந்து, ஒவ்வொரு கட்டத்தையும் தனி பைலாக சேவ் செய்து வைக்கச் சொன்னேன். பெயரை ஓரத்தில் எழுதினால் வெட்டிவிடுவார்கள். படத்துக்குள்ளேயே எழுத வேண்டும். பைலுக்குள் மறைவாக இருக்கும் தகவல்களை நம்ப வேண்டாம், வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினாலே அவை போய்விடும்.

அவன் போல்டரில் நெட்டிலிருந்து எடுத்த படங்களும் நிறைய இருந்தன. கூகுள் லென்ஸில் ஒவ்வொன்றாகக் கொடுத்து, வரைந்தவர் பெயரைத் தேடி பைல் பெயரில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். "எல்லாத்துக்குமா மாமா?" என்றான். எல்லாவற்றுக்கும்தான். இதுவரை நான்கு பெயர் கிடைத்திருக்கிறது.