கடலில் கொட்டிய பொக்கிஷம்!

உள்ளங்கையில் அடங்கும் ஓர் அட்டை. அதன் விலை 1 கோடியே 26 லட்சம் டாலர்!

கதை அல்ல, உண்மைதான். 2022-ம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த ஏலம் இது.

அமெரிக்கர்கள் பலருக்கு 'பேஸ்பால்' விளையாட்டு என்றால் உயிர். அந்த வீரர்களின் படத்தை அட்டையில் அச்சிட்டு, 'பபிள்கம்' மிட்டாயோடு சேர்த்து விற்றார்கள். ஏலம் போனது மிக்கி மேன்டில் என்ற வீரரின் அட்டை. 'டாப்ஸ்' கம்பெனி 1952-ல் வெளியிட்டது.

அந்த அட்டைகள் ஏன் இவ்வளவு அரிதாகிவிட்டன?

மேன்டில் படம் இருந்த கடைசி வரிசை, ஆட்டக் காலம் முடியும் தறுவாயில்தான் கடைக்கு வந்தது. சிறுவர்கள் வாங்கவில்லை. மூட்டை மூட்டையாகத் தேங்கிவிட்டது. 1960-ல் அதைப் படகில் ஏற்றி, அட்லாண்டிக் கடலில் கொட்டிவிட்டார்கள்! இதைச் சொன்னவர், அந்த அட்டைகளை உருவாக்கிய சை பெர்கரேதான்.

விற்றவையாவது பிழைத்தனவா? பையன்கள் சைக்கிள் சக்கரத்தில் செருகி, 'படபட' என்று சத்தம் எழுப்பி மகிழ்ந்தார்கள். மீந்ததை, வீட்டைச் சுத்தம் செய்த தாய்மார்கள் குப்பையில் போட்டார்கள்.

பழைய அட்டைக்கு விலை உண்டு என்ற செய்தி பிறகு பரவியது. 1980-களில் ஜனங்கள் பெட்டி பெட்டியாக வாங்கிப் பூட்டி வைத்தார்கள். கம்பெனிகளும் மலை மலையாக அச்சடித்துத் தள்ளின. பலன்? அவற்றில் பெரும்பாலானவை இன்று சல்லிக்காசு பெறாது!

"முன்யோசனையோடு வாங்கி வைத்தால் லாபம்தானே?" என்று சிலர் கேட்கலாம். எல்லோருமே அப்படி யோசித்தால், எந்தப் பொருள் அரிதாகும்? இதில் பணம் போடுவது சூதாட்டமே.

சேர்ப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. ஆசைக்காகச் சேர்க்கலாம். ஜெபர்சன் பர்டிக் அப்படிச் சேர்த்தவர். அவர் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி. மூட்டுவாதத்தால் கை முடங்கிய நிலையிலும், தான் சேர்த்த அட்டைகளை ஆல்பங்களில் ஒட்டினார். பேஸ்பால் அட்டைகள் மட்டும் 30 ஆயிரத்துக்கு மேல்! அத்தனையையும் நியூயார்க் மெட்ரோபாலிடன் கலைக்கூடத்துக்கு இனாமாகக் கொடுத்துவிட்டு, 1963-ல் காலமானார்.

உங்கள் பிள்ளையும் ஒரு டப்பாவில் எதையோ சேர்த்து வைத்திருக்கலாம். குப்பை என்று கொட்டுவதற்கு முன் அவனை ஒரு வார்த்தை கேளுங்கள். நாளை விலை போகும் என்பதற்காக அல்ல. அது அவனுடைய ஆசை என்பதற்காக!