பழைய காரில் 'டங்... டங்...' சத்தமா? ரேடியோவைக் கூட்டி வைக்காதீர்கள்!

பள்ளத்தில் இறங்கினால் 'டங்'. வேகத்தடை ஏறினால் 'டங்... டங்'. ஸ்டீரிங்கை ஒடித்தால் 'கிரீச்'.

சென்னையில் ஓடும் பழைய மாருதி 800 கார்களில் பல இப்படித்தான் அழுதுகொண்டு போகின்றன. உள்ளே இருப்பவர் என்ன செய்கிறார்? ரேடியோவைக் கூட்டி வைக்கிறார்! கேட்டால், "பழைய வண்டி சார், அப்படித்தான் இருக்கும்" என்கிறார்.

அப்படி இருக்கக் கூடாது. அழுவது ஸ்ட்ரட்.

ஒரு ஸ்பிரிங். அதன் நடுவே எண்ணெய் நிரப்பிய ஷாக் அப்சார்பர். தலையில் ரப்பர் வைத்த மவுண்ட். மூன்றும் சேர்ந்து நிற்கும் தூண்தான் ஸ்ட்ரட். மெக்பர்சன் என்ற அமெரிக்க என்ஜினீயர் 1940-களில் உருவாக்கிய ஏற்பாடு இது. அம்பாசிடரில் இது கிடையாது. அதற்குப் பின்னால் பிளேட், முன்னால் டார்ஷன் பார். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. பட்டறைகளில் இந்தப் பெயரும் சகஜம் ஆயிற்று.

அந்தக் காரின் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுவிட்டது. ஆக, கடைசியாக வந்த வண்டிக்கே பத்து வயது தாண்டிவிட்டது. சின்னக் கார். அதன் சக்கரமும் சின்னது, 12 அங்குலம்தான். பெரிய கார் தாண்டிப் போகும் குழியில் இது முழுசாக இறங்கி ஏறும். அடி எல்லாம் யாருக்கு? ஸ்ட்ரட்டுக்குத்தான்!

நம்ம தெரு வேகத்தடைகளைச் சொல்லவா வேண்டும்? உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர் என்று இந்திய சாலைக் காங்கிரஸ் அளவு சொல்லியிருக்கிறது. உங்கள் தெருவில் டேப் பிடித்து அளந்து பாருங்கள். பல இடத்தில் கல்லறைத் திட்டு மாதிரிதான் கட்டி வைத்திருக்கிறார்கள்.

பிரேக் பிடித்தும் நிற்காது!

ஸ்ட்ரட் போனால் இடுப்பு வலி மட்டும்தானே என்று நினைக்கிறவர்கள் கவனிக்க வேண்டும்.

ஸ்பிரிங் குதிக்கும். அந்தக் குதியலை அடக்குவது உள்ளே இருக்கும் எண்ணெய். சீல் போய் எண்ணெய் ஒழுகிவிட்டால் அடக்க ஆள் இல்லை. டயர் ரோட்டை விட்டு விட்டுத் துள்ளும். துள்ளும் டயருக்கு ரோட்டில் பிடிமானம் ஏது? நீங்கள் பிரேக்கை மிதிப்பீர்கள். கார் நிற்கும், ஆனால் நாலு அடி தள்ளி! மழை நாளில், முன்னால் ஸ்கூட்டரில் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் போகும்போது அந்த நாலு அடி என்ன ஆகும்?

வீட்டிலேயே பார்த்துவிடலாம். பானெட் மூலையில் இரண்டு கையையும் வைத்து அமுக்கி விடுங்கள். ஒரு தடவை எழும்பி அடங்கினால் சரி. ரெண்டு மூணு தடவை ஆடினால் ஸ்ட்ரட் காலி. சக்கரத்துக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டிக் கறுத்திருக்கும். டயரையும் தடவிப் பாருங்கள், மேடு பள்ளமாகத் தேய்ந்திருக்கும்.

ஒன்று, எல்லா 'டங்'கும் ஸ்ட்ரட் அல்ல. பால் ஜாயின்ட், புஷ் தேய்ந்தாலும் சத்தம் வரும். இதையும் பார்க்காமல் நேரே ஸ்ட்ரட்டில் கை வைக்கும் மெக்கானிக்கிடம் கொஞ்சம் உஷார்!

ஒட்டு வேலை வேண்டாம்

செலவைக் குறைக்கப் பல வழி சொல்வார்கள். "ஸ்பிரிங் நடுவுல ரப்பர் சொருகிடலாம் சார்." சொருகினால் வண்டி தூக்கி நிற்கும், குதியல் அடங்காது. "ஓட்டை போட்டு எண்ணெய் ஊத்தி வெல்டு வெச்சிடலாம்." அது எத்தனை நாளைக்கு? "ஒரு பக்கம்தான் போயிருக்கு, ஒண்ணு மட்டும் போதும்." இதுதான் ரொம்ப மோசம். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் கார் நொண்டும். முன்பக்கம் மாற்றினால் ரெண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். டாப் மவுண்ட், பம்ப் ஸ்டாப், தூசி உறை மூன்றும் புதுசாகப் போடுங்கள். இவற்றில் மிச்சம் பிடிப்பது, புது வேட்டிக்குக் கிழிந்த கரை தைப்பது போல!

கதவு, கண்ணாடி, பம்பர் எல்லாம் புதுப்பேட்டையில் பழசு வாங்கலாம், தப்பே இல்லை. ஸ்ட்ரட் மட்டும் கூடாது. வெளியே பெயின்ட் பளபளக்கும், உள்ளே என்ன இருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். ரொம்பப் பக்கத்தில் வேண்டாம்! அமுங்கி நிற்கும் ஸ்பிரிங்கைக் கம்ப்ரஸர் கிளாம்ப் போட்டுத்தான் கழட்ட வேண்டும். கயிற்றைக் கட்டிவிட்டு மேல் நட்டைக் கழட்டும் பையன்கள் இருக்கிறார்கள். பிய்த்துக்கொண்டு கிளம்பினால் முகம் போய்விடும். அந்தப் பையனுக்கும் வீட்டில் அம்மா இருக்கிறாள். கிளாம்ப் இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

இன்னொரு கொடுமை. புது ஸ்ட்ரட்டின் பளபள ராடைப் பிளையரால் கவ்விப் பிடிப்பது! ஒரு கீறல் விழுந்தால் போதும். அது சீலைக் கிழிக்கும், மறுபடி ஒழுகல். ராடைத் திருகாமல் பிடிக்க வேறு வழி உண்டு. நல்ல மெக்கானிக்குக்குத் தெரியும்.

எல்லாம் முடிந்ததும் வீல் அலைன்மென்ட். அதைச் செய்யாவிட்டால் அடுத்த பில் டயர்க் கடையில் வரும்.

15 வருடம் ஆன காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5 ஆயிரம் ஆனது. அதைக் கட்டி வண்டியை வைத்திருப்பவர்கள் பணக்காரர்கள் இல்லை. கடை வைத்திருப்பவரும் கிளார்க்கும்தான். வருடத்துக்கு ஒரு தடவை கட்டணம் இல்லாமல் சஸ்பென்ஷனைப் பார்த்துச் சொல்ல ஆர்.டி.ஓ. அலுவலகங்களில் ஒரு முகாம் வைத்தால் என்ன? கண் பரிசோதனை முகாம் வைக்கிறோமே!

பட்டறையை விட்டுக் கிளம்பும்போது, கழட்டிய பழைய ஸ்ட்ரட் ரெண்டையும் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள். நேரே பழைய இரும்புக் கடைக்குக் கொண்டு போய், அவர் அதை நசுக்குவதைப் பார்த்துவிட்டு வாருங்கள். இல்லாவிட்டால் அது கறுப்புப் பெயின்ட் அடித்துக்கொண்டு வேறு ஒருத்தர் வண்டியில் ஏறிவிடும்!