கண்ணாடியை வெட்டிய கை யாருடையது?

போன தவணை விஞ்ஞானப் பாடத்துக்கு கலைடொஸ்கோப் செய்துவரச் சொல்லியிருந்தோம். மூன்று தளவாடிக் கீலங்கள், ஒரு மட்டை, கொஞ்சம் வளையல் துண்டு. ஒரு மகன் கொண்டுவந்தது மிக நேர்த்தியாக இருந்தது. நல்ல புள்ளியும் போட்டோம். அவரது பெருவிரலில் இருந்த துணிக்கட்டைக் கண்டது அதற்குப் பிறகுதான்.

விசாரித்தால், வாப்பா வெளிநாட்டில். உம்மா அடுப்படியில். பிள்ளை யூடியூப் பார்த்து, பழைய அலுமாரிக் கண்ணாடியைத் தானே வெட்டியிருக்கிறார்.

பிள்ளையையோ உம்மாவையோ குறை சொல்ல எங்களால் முடியவில்லை. ஒப்படையில் 'தளவாடி' என்று எழுதிய நாங்கள், அதை யார் வெட்டுவது என்று ஒரு வரி எழுதவில்லை. பிழை எங்களுடையது.

"இனிக் கண்ணாடி வேலையே வேண்டாம்" என்று சிலர் சொல்கிறார்கள். அதிலும் எங்களுக்கு உடன்பாடில்லை. கடையில் செய்து விற்பதை வாங்கிவரும் ஒப்படையால் பிள்ளை எதைப் படிக்கும்? ஆபத்தான வேலையை மறைப்பதை விட, முறையாகக் காட்டிக் கொடுப்பதே நல்லது.

கண்ணாடியை 'வெட்டுகிறோம்' என்கிறோம். உண்மையில் வெட்டுவதில்லை, உடைக்கிறோம். கட்டரின் சின்னச் சில்லு மேற்பரப்பில் ஒரு கீறல் போடுகிறது. கோட்டுக்கு நேர் கீழே ஒரு பென்சிலை வைத்து இரு பக்கமும் மெதுவாக அழுத்தினால், அந்தக் கீறல் வழியே பிளக்கிறது. பழகிய கைக்காரர் சில்லை மண்ணெண்ணெயில் தொட்டு, ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே அழுத்தத்தில், ஒரே தடவை இழுப்பார். சத்தம் சீராக வரும். சரியாக விழவில்லையே என்று அதே கோட்டில் மறுபடி இழுத்தால் உடைப்பு கோணலாகும், சில்லும் கெடும். தளவாடி என்றால் முன்பக்கத்தில்தான் கீற வேண்டும், பின்பக்கப் பூச்சில் அல்ல. வாகனக் கதவுக் கண்ணாடி போன்ற டெம்பர் செய்த கண்ணாடியை எவராலும் இப்படி வெட்ட முடியாது. முழுதும் பொடியாகிவிடும்.

இது இரண்டு நிமிட வீடியோவில் வரும் கைப்பழக்கமல்ல. போத்தலில் மண்ணெண்ணெய் நூல் சுற்றி, தீ வைத்து, தண்ணீரில் முக்கும் வீடியோக்களையும் பிள்ளைகள் பார்க்கிறார்கள். நெருப்பும் உடையும் கண்ணாடியும் ஒரே கையில். அதை வீட்டில் செய்யவே விடாதீர்கள்.

ஆசிரியர்களாகிய நாங்கள் செய்ய வேண்டியது: கீழ்வகுப்புகளுக்குக் கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் தளவாடித் தாள் போதும் என்று ஒப்படையிலேயே எழுதுவது. மேல்வகுப்புகளுக்கு, ஊரில் கண்ணாடிக்கடை வைத்திருக்கும் நானா ஒருவரை அழைத்து வகுப்பில் வெட்டிக் காட்டச் சொல்வது. அவருடைய தொழிலுக்கும் அது ஒரு மரியாதை. புள்ளி போடும் முன் "இதை யார் வெட்டினது?" என்று கேட்பது.

பெற்றோரிடம் கேட்பது: அளவைக் கொடுத்துக் கடையிலேயே வெட்டி எடுங்கள். வீட்டில்தான் வெட்டுவதென்றால் பெரியவர் ஒருவர் வெட்டட்டும். கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்குச் சப்பாத்து கட்டாயம். விளிம்பைத் தண்ணீர் தொட்ட அரத்தாளால் தேய்த்த பிறகே பிள்ளையின் கையில் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. மிஞ்சிய துண்டுகளைக் குப்பைப் பையில் அப்படியே போடாதீர்கள். அந்தப் பையைத் தூக்குவது பிரதேச சபைத் தொழிலாளியின் வெறுங்கை. தடித்த மட்டையில் சுற்றி, மேலே 'கண்ணாடி' என்று எழுதி வையுங்கள். தரையில் சிதறிய பொடியை ஈரக் கடதாசியால் ஒற்றி எடுங்கள். பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதையும் ஈமானோடு சேர்த்துச் சொன்ன மார்க்கம் நம்முடையது. நாமே முள்ளைப் போடலாமா?

அந்த மகனின் விரல் ஆறிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். தழும்பு இருக்கிறது. ஒவ்வொரு ஒப்படை எழுதும்போதும் அது எங்களுக்கு ஞாபகம் வரட்டும்.