பதினெட்டு வயதுத் தோளில் ஏற்றிய பழி

2023 ஜூன் 28 அன்று, அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், என்.ஹெச்.எல். ஐஸ் ஹாக்கி லீக்கில், அணிகள் இளம் வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நடந்துகொண்டிருந்தது. ஐந்தாவது தேர்வு மான்ட்ரியால் கனடியன்ஸ் அணியுடையது. அறிவிக்க மேடையேறியவர் அந்த அணியின் பெரும்புகழ் கோல் கீப்பர் கேரி பிரைஸ். சொல்லவேண்டிய பெயர் அந்த நொடியில் அவருக்கு மறந்துபோனது. உடனிருந்தவர்கள் உதவிய பிறகே டேவிட் ரைன்பாக்கர் என்ற பெயர் அரங்கத்துக்குத் தெரிந்தது. ஆஸ்திரியாவில் பிறந்து, சுவிட்சர்லாந்தின் க்ளோட்டன் அணியில் பெரியவர்களோடு ஆடிக்கொண்டிருந்த 18 வயதுத் தற்காப்பு வீரர் அவர்.

பெயர் மறந்தது சிறிய தடுமாற்றம். அதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. அடுத்த சில மணி நேரத்தில் ரசிகர்களில் ஒரு பகுதியினர் செய்ததைத்தான் மன்னிக்க முடியாது. அந்த இளைஞரின் சமூக வலைதளப் பக்கத்தைத் தேடிப் போய் வசைகளைக் கொட்டினார்கள். வாழ்நாளின் மிகப் பெரிய நாளை வீட்டாரோடு கொண்டாட வேண்டிய ஒருவர், தன்னை வேண்டாம் என்று சொல்லும் அந்நியர்களின் குரலைத்தான் முதலில் கேட்க நேர்ந்தது.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. மத்வேய் மிச்கோவ் என்ற ரஷ்ய முன்வரிசை வீரர் இன்னும் எந்த அணிக்கும் போகாமல் இருந்தார். கோல் அடிப்பதில் அவருக்கிருந்த திறமையை யாரும் மறுக்கவில்லை. ஆனால், ரஷ்ய அணியோடு 2026 வரை ஒப்பந்தம், உக்ரைன் போர்ச் சூழல், அவர் எப்போது வருவார் என்ற கேள்வி எல்லாம் சேர்ந்து பல அணிகளைத் தயங்க வைத்தன. ஏழாவது இடத்தில் பிலடெல்பியா அவரை எடுத்துக்கொண்டது. லீக்கின் வெற்றிக்கோப்பையான ஸ்டான்லி கோப்பையை 24 முறை வென்று, 1993-க்குப் பிறகு ஒரு முறைகூட அதைத் தொடாத ஊர் மான்ட்ரியால். தாத்தா பார்த்த வெற்றியைப் பேரன் கதையாகவே கேட்டு வளரும் வீடுகள் அங்கே ஏராளம். கோல் மழை பொழியும் ஒருவருக்காக அந்த ஊர் ஏங்கியதில் பிழையில்லை. நிர்வாகத்தைப் பார்த்து, “ஏன் இவரை விட்டீர்கள்?” என்று உரக்கக் கேட்கும் உரிமையும் ரசிகருக்கு உண்டு.

அந்தக் கேள்வி போய்ச் சேரவேண்டிய இடம் ஒன்றுதான். முடிவெடுத்தவர்கள் பொது மேலாளர் கென்ட் ஹியூஸும் அவருடைய குழுவும். டிராஃப்டில் வீரருக்கு வாய் கிடையாது. ஐபிஎல் ஏலத்திலாவது தன் அடிப்படை விலையை வீரர் குறிக்கலாம்; இங்கே அதுவும் இல்லை. தகுதி வயது வந்தால் பட்டியலில் பெயர் இருக்கும். எந்த அணி கூப்பிடுகிறதோ அந்த அணியின் சட்டையை மாட்டிக்கொள்ள வேண்டும். ரைன்பாக்கர் மிச்கோவின் இடத்தைப் பறிக்கவில்லை. கூப்பிட்டார்கள், எழுந்து போனார். அதற்காக அவரை ஏசியது கோழைத்தனம். மேலாளரிடம் காட்ட வேண்டிய சினத்தை, பதில் சொல்ல வழியற்ற ஒரு பையனிடம் காட்டியது கோழைத்தனத்திலும் கீழானது.

இன்று சிலர் புள்ளிக்கணக்கோடு வருகிறார்கள். மிச்கோவ் 2024-25 பருவத்தில், தன் முதல் ஆண்டிலேயே, 26 கோல்களோடு, கோல் உதவிகளையும் சேர்த்து 63 புள்ளிகள் எடுத்தார். பார்த்தீர்களா, நாங்கள் சொன்னது சரிதானே என்கிறார்கள். சரியாகவே இருக்கட்டும். கணிப்பு பலித்துவிட்டால் அன்று அனுப்பிய வசைக்கு நியாயம் வந்துவிடுமா? மிச்கோவ் நூறு கோல் அடித்தாலும் அந்தச் செய்திகளில் ஒன்றுகூடச் சுத்தமாகிவிடாது. இந்த வாதத்தை நாம் அடியோடு நிராகரிக்கிறோம்.

கணிப்பைப் பற்றியும் ஒரு சொல். அந்த மேடையில் நின்ற கேரி பிரைஸ், 2005-இல் இதே ஐந்தாவது தேர்வில் இதே அணிக்கு வந்தவர். அன்றும் முணுமுணுப்பு எழுந்தது. ஏற்கெனவே ஜோஸே தியோடோர் என்ற நல்ல கோல் கீப்பர் இருக்கும்போது இன்னொருவர் எதற்கு, முன்வரிசை வீரர் கில்பர்ட் ப்ரூலேயை விட்டுவிட்டீர்களே என்றார்கள். பிரைஸ் 361 வெற்றிகளோடு அணியின் வரலாற்றிலேயே அதிக வெற்றிகள் பெற்ற கோல் கீப்பர் ஆனார். 2015-இல் லீக்கின் மிகச் சிறந்த வீரருக்கான ஹார்ட் கோப்பையையும் பெற்றார். ப்ரூலே அந்த உயரத்தின் பக்கத்தில்கூட வரவில்லை. ரைன்பாக்கரும் அப்படி வருவார் என்று சொல்ல நாம் ஜோதிடம் பார்க்கவில்லை. தற்காப்பு வீரர் பழுக்க ஆண்டுகள் ஆகும். எதிரியின் வேகத்தைப் படிப்பது, பந்துக்குப் பதிலாகப் பயன்படும் ‘பக்’ வட்டைச் சுவரோரம் அடக்குவது எல்லாம் அடிபட்டுத்தான் கைவரும். ஏழு முறை சிறந்த தற்காப்பு வீரராகத் தேர்வான ஸ்வீடனின் நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோம் 1989-இல் 53-ஆவது தேர்வு. கனடியன்ஸின் லேன் ஹட்சன் 2022-இல் 62-ஆவதாக எடுக்கப்பட்டு, 2025-இல் சிறந்த புதுமுக வீரர் விருதை வாங்கினார். அந்த அணியின் பயிற்சியாளர் மார்ட்டின் செயின்ட் லூயியை எந்த அணியுமே டிராஃப்டில் எடுக்கவில்லை. அவர் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்.

மான்ட்ரியால் ரசிகர்கள் எல்லாரையும் இந்தக் கூண்டில் நிறுத்துவது அநியாயம். வசை போன அதே பக்கத்துக்கு, “எங்கள் ஊருக்கு வா, தம்பி” என்ற தொனியில் வரவேற்பு எழுதியவர்களும் அந்த ஊர்க்காரர்கள்தான். அணியின் மானத்தைக் காப்பாற்றியவர்கள் அவர்கள். நம் கண்டனம் வசை அனுப்பியவர்கள் மீதும், அதைக் காட்டியபோது பார்த்துச் சிரித்துவிட்டுச் சும்மா இருந்த நண்பர்கள் மீதும். உடனிருந்தவர் ஒருவர் “இது தப்பு, அழி” என்று சொல்லியிருந்தால் பாதி நின்றிருக்கும். அணியை நேசிப்பதாகச் சொல்கிற எவருக்கும் அதைச் சொல்லும் கடமை இருந்தது. அடுத்த டிராஃப்டிலும் இருக்கிறது.

ரைன்பாக்கர் பதிலுக்கு யாரையும் ஏசவில்லை. 2024 செப்டம்பரில் டொராண்டோவுக்கு எதிரான பயிற்சி ஆட்டத்தில் முழங்கால் அடிபட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். 2025 பிப்ரவரியில் கனடியன்ஸின் துணை அணியான லாவால் ராக்கெட்டுக்காக மீண்டும் பனிக்களத்தில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 20.